கம்பு நட்டிருக்கிறதா என்று கேளுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து பைக் பயணக் குழுத் தோழர்களுக்கு,



நீங்கள் ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஓட்டுகிற தேசிய நெடுஞ்சாலை 44 கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், ஜூஜூவாடி என்று நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய், அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழைந்து, கடைசியில் ஸ்ரீநகரில் முடிகிறது. அந்த ஊரின் தால் ஏரி கடுங்குளிரில் உறைகிறது. அங்கிருந்து கிழக்கே சோஜி லா கணவாயைத் தாண்டினால் லடாக். அங்கே பாங்காங் ஏரி முழுவதுமே குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். கோடையில் லடாக் போய்வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். அடுத்து குளிர்காலத்திலும் போக வேண்டும், உறைந்த ஏரியின் மேல் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போது பேச்சில் அடிபடுகிறது. கனடாவில் அண்ணனோ மச்சானோ இருப்பவர்களுக்கு ஆசை இன்னும் கிட்டத்திலேயே இருக்கிறது: டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே போனால் சிம்கோ ஏரி, கரையில் வாடகைக்கு ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி. அந்த ஆசையைக் கெடுக்க இந்த மடலை எழுதவில்லை. உறைந்த நீரின் மேல் வண்டி ஓட்டுவது உலகின் பல பகுதிகளில் அன்றாடப் போக்குவரத்து. அதை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள், நாம் எப்படிச் செய்ய நினைக்கிறோம் என்பதற்கு இடையில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். பனிக்கட்டியின் மேல் ஓட்டும் திறமை வண்டியிலும் இல்லை, ஓட்டுபவரின் கையிலும் இல்லை. அந்தப் பனிக்கட்டியை யார் அளந்தார், எப்போது அளந்தார், அளந்ததற்கு அடையாளமாக எங்கே கம்பு நட்டார் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் போகலாம். போனால், நட்ட கம்புகளை விட்டு விலகக் கூடாது. பதில் இல்லையென்றால் சக்கரம் கரையோடு நிற்க வேண்டும். இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1980இல் டிவிஎஸ் 50 மொப்பெட் இங்கிருந்து வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டின் லாரிகள். இப்போது ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்கள். நாட்டின் இருசக்கர வாகனங்களில் கணிசமான பங்கு நம் மாவட்டத்துக் கைகள் வழியாகத்தான் போகிறது. வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் அறிந்தவருக்கு, வண்டி தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கை இயல்பாகவே வந்துவிடும். சாலையில் அந்த நம்பிக்கை நியாயமானது. உறைந்த ஏரியில் அதற்கு வேலையே இல்லை.

2020 ஜனவரி 21 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். லாக் சென்-ழான் என்பது ஒரு பெரிய ஏரி. சுற்றியுள்ள ஊர்களில் ஸ்னோமொபைல் ஓட்டம் குளிர்காலச் சுற்றுலாவின் முதுகெலும்பு. அடையாளமிட்ட தடங்கள் அங்கே ஏராளம். அன்று மாலை பிரான்சிலிருந்து வந்த எட்டு சுற்றுலாப் பயணிகளும் ஒரு வழிகாட்டியும் ஸ்னோமொபைலில் போனார்கள். வண்டிகளில் குறை இல்லை. வழிகாட்டி அந்தத் தொழிலில் இருப்பவர். ஆனால் குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகி ஏரியின் குறுக்கே போனார்கள். அவர்கள் போன பக்கத்தில்தான் ஏரியின் நீர் ஆறாக வெளியேறத் தொடங்குகிறது. அடியில் நீரோட்டம் இருக்கும் இடத்தில் பனிக்கட்டி தடிக்காது. மேலே விழுந்த வெண்பனியோ எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் தெரியும். பனித்தளம் உடைந்தது. மூவர் பிழைத்தார்கள். வழிகாட்டியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். பயணிகளின் உடல்களைத் தேடி எடுக்க நாட்கள் ஆயின. குளிர் நாடு, நல்ல வண்டி, தொழில்முறை வழிகாட்டி, ஜனவரி மாதம் என்று நாம் பாதுகாப்புக்கு அடுக்கும் எல்லாமே அங்கே இருந்தன. குறிக்கப்பட்ட தடம் மட்டும் வண்டிக்கு அடியில் இல்லை.

ஏன் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இயற்பியல் விடை தெளிவாகவே இருக்கிறது. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் குளிர்ந்த நீர் மேலே தங்கி, மேலிருந்து கீழாக உறைகிறது. பனிக்கட்டி தடிப்பதற்குக் கீழுள்ள நீரின் வெப்பம் பனிக்கட்டி வழியாக மேலே போய்க் காற்றில் கலக்க வேண்டும். அதன் மேல் வெண்பனி விழுந்தால் அது கம்பளிபோல் வெப்பத்தைத் தடுத்துவிடும். ஆகவே பனி கொட்டிக் கிடந்து பார்க்கக் கடுங்குளிராகத் தெரியும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கக் கூடும். காற்று பனியைத் துடைத்துவிட்ட இடத்தில் தடித்திருக்கும். ஓடை கலக்கும் வாய், ஆறு வெளியேறும் வாய், அடியில் ஊற்று கிளம்பும் இடம், பாலத்துக்குக் கீழே, நாணல் புதர் ஓரம் எல்லாவற்றிலும் தடிமன் மாறும். ஒரே ஏரியில் பத்து மீட்டர் தூரத்துக்குள் பாதியாகிவிடும். அப்படிப் பாதியானால் தாங்கும் எடையும் பாதியாகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். அது தவறு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் வேலை செய்த லார்ன் கோல்ட் என்ற விஞ்ஞானி, பல உடைப்புச் சம்பவங்களையும் வெற்றிகரமான கடப்புகளையும் ஒப்பிட்டு 1971இல் ஒரு சூத்திரம் தந்தார். நல்ல தெளிந்த பனிக்கட்டியின் தாங்குதிறன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. சென்டிமீட்டரில் தடிமனை வர்க்கப்படுத்தி 3.5ஆல் பெருக்கினால் பாதுகாப்பான எடை கிலோவில் வரும். 20 சென்டிமீட்டருக்கு 1,400 கிலோ. 10 சென்டிமீட்டருக்கு 350 கிலோ. 5 சென்டிமீட்டருக்கு 90 கிலோகூட இல்லை. பாதி தடிமன், கால் பங்கு பலம். பனியும் நீரும் கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டியென்றால் அதிலும் பாதி என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இப்போது நம் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பயணத்துக்கான பைக் சுமார் 200 கிலோ, ஓட்டுபவர் 75, பின்னால் கட்டிய மூட்டை 25. ஆக 300 கிலோ. சூத்திரப்படி பத்து சென்டிமீட்டர் போதும்போல் தெரிகிறது. ஆனால் ஸ்னோமொபைலுக்குக் கனடிய செஞ்சிலுவைச் சங்கம் கேட்பது 25 சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலான பதினைந்து சென்டிமீட்டரில்தான் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சூத்திரம், அளந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது. சங்கம், அளக்காத அடுத்த இடத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறது. உங்கள் தொழிற்சாலையில் துளையிட்ட பாகத்தைக் கண்ணால் பார்த்து யாரும் ஓகே சொல்வதில்லை. கோ, நோ-கோ கேஜை உள்ளே விட்டுப் பார்க்கிறீர்கள். நோ-கோ முனை உள்ளே போய்விட்டால் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பாகம் ரிஜெக்ட். இன்ஸ்பெக்ஷனில் இருப்பவரிடம் "பார்த்தாலே தெரியுதே, நல்லா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு புஷ்ஷுக்குக் காட்டும் கண்டிப்பை, உயிரோடு மேலே ஏறப்போகும் பனிக்கட்டிக்குக் காட்டாமல் இருப்பது நியாயமா?

இந்த நிலத்துக்கென்றே கட்டிய ஸ்னோமொபைலையே வெறும் பனிக்கட்டி திணறடிக்கும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை. பட்டை எடையைப் பரப்புகிறது. பைக் டயரோ உள்ளங்கை அளவு இடத்தில்தான் ஊன்றும். ஆனால் அதே பட்டைக்கு வழவழப்பான பனிக்கட்டியில் பிடிப்பு குறைவு. பிரேக் பிடித்தால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு விஷயம், எஞ்சின் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும். நீர் குளிர்விப்பு எஞ்சின் உள்ள ஸ்னோமொபைல் பலவற்றில் நம் வண்டிகளில் உள்ளதுபோல் முன்பக்க ரேடியேட்டர் இருக்காது. வெப்பமாற்றிகள் பட்டைக்கு மேலே, வண்டியின் அடிவயிற்றில் இருக்கும். பட்டை சுழலும்போது வாரியடிக்கும் வெண்பனிதான் அவற்றைக் குளிர்விக்கிறது. வெண்பனி இல்லாத வெறும் பனிக்கட்டியில் நீண்ட தூரம் ஓட்டினால், மைனஸ் இருபதிலும் எஞ்சின் சூடேறும். வெண்பனி கனமாக விழுந்த இடத்திலோ வேறு சிக்கல்: அதன் எடை பனித்தளத்தைக் கீழே அமுக்க, விரிசல் வழியாக நீர் மேலே வந்து பனியோடு கலந்து கூழாகிவிடும். மேலே பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். உள்ளே போன வண்டி புதைந்து நிற்கும். நின்ற வண்டியின் எடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்க, பனிக்கட்டி மெல்ல மெல்ல வளையும்.

வேகமும் ஆபத்துதான், அதுவும் நாம் எதிர்பாராத வழியில். மிதக்கும் பனித்தளத்தின் மேல் வண்டி ஓடும்போது அதற்குக் கீழே நீரில் ஓர் அலையும் கூடவே ஓடும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் தளத்தின் வளைவு பெருகிக்கொண்டே போய் அதை உடைக்கும். இதை உலகம் கசப்பான வழியில் கற்றது. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டபோது, 1941 நவம்பரில் லதோகா ஏரியின் மேல் பாதை போட்டார்கள். முதலில் ஒரு குழு பனிக்கட்டியை அளந்துகொண்டே, கம்பு நட்டுக்கொண்டே நடந்தது; பின்னால் குதிரை வண்டிகள்; பிறகே லாரிகள். அப்படியும் குறைந்த எடையேற்றிய லாரிகள் சில மூழ்க, ஏன் என்று புரியாமல் லெனின்கிராடு இயற்பியலாளர்கள் பனித்தளத்தின் அதிர்வை அளக்கக் கருவி செய்து ஆராய்ந்தார்கள். குற்றவாளி வேகம் என்று தெரிந்தது. இன்று எஸ்தோனியாவில் பெருநிலத்துக்கும் ஹீயுமா தீவுக்கும் இடையே கடல் உறையும் ஆண்டுகளில் ஏறக்குறைய 26 கிலோமீட்டர் பனிப்பாதை திறக்கிறார்கள். அதன் விதிகளைக் கேட்டால் சாலைவிதியே தலைகீழாகிவிட்டதோ என்று தோன்றும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போ, அல்லது 40க்கும் 70க்கும் இடையில் போ. நடுவில் உள்ள வேகத்தில் போகாதே. சீட் பெல்ட் போடாதே, கதவை எளிதில் திறக்கும்படி வை. முன் வண்டிக்கும் உனக்கும் 250 மீட்டர் விடு. பொழுது சாய்ந்தபின் போகாதே. நிற்காதே. எந்த ஓட்டுநரும் இதைத் தானாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. பாதையை அளந்தவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

கம்பு நடுவது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம். அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் ஸ்னோமொபைல் மன்றங்களின் கூட்டமைப்பு ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் தடத்தைப் பராமரிக்கிறது. தடத்தில் ஓடப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களின் தொண்டர்கள். ஏரி உறைந்ததும் துளைக்கருவியால் துளையிட்டு, முனையில் கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு, பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் கொக்கியை மாட்டி தடிமன் பார்ப்பார்கள். போதுமான தடிமன் இருக்கும் வழியில் துளைக்குத் துளை கம்பை நிறுத்துவார்கள். துளையில் ஊறிய நீர் உறைந்து கம்பை இறுக்கிக்கொள்ளும். இரவில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டியிருக்கும். பிறகு வரைபடத்தில் தடத்தின் நிலை நிறத்தால் வெளியாகும்: பச்சையென்றால் திறந்திருக்கிறது, மஞ்சளென்றால் கட்டுப்பாட்டோடு, சிவப்பென்றால் மூடப்பட்டது. நேற்று பச்சையாக இருந்தது இன்று சிவப்பாகலாம். கியூபெக்கின் கீழ் வடகரையில் சாலை இல்லாத ஊர்களைக் குளிர்காலத்தில் இணைக்கும் 'வெள்ளைப் பாதை' நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் ஸ்னோமொபைல் தடம்; அதை மாகாணப் போக்குவரத்து அமைச்சகமே அடையாளமிட்டுப் பராமரிக்கிறது. அங்கே அது பொழுதுபோக்கில்லை. மளிகைக்கும் மருத்துவமனைக்கும் போகிற வழி. வடக்கே வைரச் சுரங்கங்களுக்கு லாரிகள் போகும் டிபிட்–கான்ட்வாய்ட்டோ பாதையோ பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேலேயே ஓடுகிறது. தடிமனை ரேடார் கொண்டு அளந்துகொண்டே இருக்கிறார்கள். 2006இல் குளிர் குறைந்தபோது பாதையை முன்கூட்டியே மூடினார்கள். எரிபொருளையும் தளவாடங்களையும் விமானத்தில் கொண்டுபோகும் செலவை ஏற்றார்களே தவிர, "இந்த ஒரு லாரி மட்டும்" என்று விடவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வாருங்கள். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி, முப்பது ஆண்டுகளில் இல்லாத குளிர். தால் ஏரி உறைந்தது. மக்கள் மேலே நடக்கத் தொடங்கினார்கள். நடக்க வேண்டாம் என்று நிர்வாகம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை சரியே. படகுவீடுகளும் ஊற்றுகளும் வாய்க்கால்களும் கலந்த ஏரியில் எங்கே எத்தனை அங்குலம் என்று எவரும் துளையிட்டுப் பார்த்துக் கம்பு நடவில்லை. பாங்காங் கதை இன்னும் தெளிவு. 4,225 மீட்டர் உயரத்தில், 134 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் உப்பு கலந்த ஏரி அது. உப்பு கலந்த நீர் உறைந்தால் நன்னீர்ப் பனிக்கட்டி அளவுக்கு உறுதி இருக்காது. 2023 பிப்ரவரி 20 அன்று லூகுங்கிலிருந்து மான் கிராமம் வரை, உறைந்த ஏரியின் மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள், 75 பேர் ஓடினார்கள், கின்னஸ் சாதனையானது. உருகிவரும் இமயத்தைப் பற்றி உலகுக்குச் சொல்வதற்காக 'கடைசி ஓட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளூர் நிர்வாகமும் ராணுவமும் துணை நின்று, பனிக்கட்டியைச் சோதித்து, தடம் குறித்து, வழியெங்கும் மருத்துவ உதவி வைத்துச் செய்த காரியம் அது. அந்தக் காணொளியைப் பார்த்து "மனுஷங்க ஓடுறாங்க, பைக் போகாதா?" என்று கேட்பவர்கள் அந்தத் தயாரிப்பை மறந்துவிடுகிறார்கள். ஓடியவர்கள் 60, 70 கிலோ. நம் பைக் 300. ஒண்டாரியோவில் இருப்பதுபோல் அளந்து, கம்பு நட்டு, பச்சை சிவப்பு என அறிவிக்கும் வண்டித்தடம் பாங்காங்கில் கிடையாது. காஷ்மீரின் குல்மார்க்கில் வாடகைக்கு ஓடும் ஸ்னோமொபைல்கள் ஓடுவது மலைச்சரிவின் பனியில். அதற்கு அடியில் மண் இருக்கிறது. ஆசை அடங்காதவர்கள் அங்கே உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகலாம், தாராளமாக.

உங்களிடமிருந்து வரக்கூடிய மறுப்புகள் எனக்குப் புரிகின்றன. "உள்ளூர்க்காரர்கள் கம்பு எதுவும் இல்லாமல் போகிறார்களே, சாதர் நடைப்பயணம் இல்லையா?" என்பது முதல் கேள்வி. ஜன்ஸ்கார் ஆறு உறைந்ததும் அதன் மேல் நடந்து லே வருவது அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் பழைய வழி. வெண்ணெய் கொண்டுவந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே நட்ட கம்பு இல்லைதான். கம்பு முன்னால் நடப்பவர் கையில் இருக்கிறது. அவர் அடிக்கு அடி தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு, எங்கே காலை வைப்பது என்று சொல்கிறார். பின்னால் வருபவர் அந்தக் காலடியிலேயே வைக்கிறார். பனிக்கட்டி உடைந்திருந்தால் குகையில் நாள்கணக்கில் காத்திருப்பார்கள், அல்லது பாறை மேல் ஏறிச் சுற்றிப் போவார்கள். அளப்பது அங்கே ஒவ்வொரு காலடியிலும் நடக்கிறது. மணிக்கு நாற்பதில் போகிற பைக்குக்கு முன்னால் யார் தட்டிப் பார்த்துக்கொண்டு ஓடுவது? சாதரை உதாரணம் காட்டுபவர், அதன் நிதானத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

"யூடியூபில் எத்தனை பேர் ஓட்டியிருக்கிறார்கள், எதுவும் ஆகவில்லையே" என்பது அடுத்தது. மூழ்கியவரின் கேமராவும் கூடவே மூழ்கும். நமக்குக் கிடைக்கும் காணொளிகள் எல்லாம் பிழைத்தவர்கள் ஏற்றியவை. அவற்றை எண்ணி ஆபத்தைக் கணக்கிட முடியாது. அதோடு அவர் ஓட்டியது வேறொரு நாள், வேறொரு பனிக்கட்டி. அவர் பாதையை ஜிபிஎஸ்ஸில் இறக்கி அதே கோட்டில் ஓட்டினாலும் இடம்தான் அது, தடிமன் அதுவல்ல. "கம்பு நட்ட பாதையில் போவதில் என்ன சாகசம்?" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவர்கள் தேடுவது தனியாக ஒரு வெளியைக் கடக்கும் உணர்வு. அதை இகழ மாட்டேன். ஆனால் உடைந்தால் அந்தச் சாகசத்தின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. பாங்காங்கில் உதவிக்கு வர வேண்டியவர்கள் அங்கே எல்லையைக் காக்கும் வீரர்களும் கரையோரக் கிராமத்தாரும்தான். அவர்களும் அதே உடைந்த பனிக்கட்டியில் தவழ்ந்துதான் வர வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு சாங் லா கணவாயைத் தாண்டி லே போக வேண்டும். தவிர அது சாங்தாங் வனவிலங்குப் பகுதி. 2022இல் ஒரு கார் பாங்காங் நீருக்குள் ஓடிய காணொளிக்கு லடாக் மக்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஏரி அவர்களுடையது.

மிகக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை நேராகவே ஏற்க வேண்டும். குறித்த தடத்திலும் விபத்து நடக்கிறது. உண்மை. ஒண்டாரியோ காவல்துறையே "பாதுகாப்பான பனிக்கட்டி என்று எதுவும் இல்லை" என்றுதான் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. குளிர்காலங்கள் சூடாகி வருவதால், நட்ட கம்புக்கும் மெய்யான தடிமனுக்கும் இடையிலான உறவு முன்னைவிட வேகமாகக் காலாவதியாகிறது. ஆனால் இதிலிருந்து "அப்படியானால் கம்பால் என்ன பயன்" என்ற முடிவு வராது. கம்பும் போதாத காலம் வந்திருக்கிறது என்றால், கம்பே இல்லாத இடத்துக்கு என்ன தகுதி இருக்கிறது? அதனால்தான் யார், எங்கே என்பதோடு 'எப்போது அளந்தார்' என்பதையும் கேட்கச் சொன்னேன். மூன்று நாள் முன்பு அளந்திருந்து, இடையில் வெயில் அடித்திருந்தால் அது அளக்காததற்குச் சமம்.

இதெல்லாம் தூரத்து நாட்டுச் சங்கதி என்று தோன்றினால், நம் தென்பெண்ணையை நினையுங்கள். கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது ரசாயன நுரை பொங்கி நந்திமங்கலம்–தட்டகானப்பள்ளி சாலையின் தரைப்பாலத்தை மூடியிருக்கிறது. நுரைக்குக் கீழே பாலத்தின் ஓரம் எங்கே, நீர் எவ்வளவு என்று தெரியாமலே அதற்குள் பைக்கை விட்டவர்கள் உண்டு. பிறகுதான் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டி ஏரி நிரம்பி வழிந்தபோது, பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் சாலையிலேயே உருண்டோடியதை மாவட்டமே பார்த்தது. வண்டியின் எடையும் எஞ்சினும் நீரின் முன் எதுவும் செய்யவில்லை. தரைப்பாலத்து ஓரக் கற்கள் தெரியாத அளவுக்கு நீர் ஏறியிருந்தால் இறங்கக் கூடாது என்பதும், கம்பு இல்லாத பனிக்கட்டியில் ஏறக் கூடாது என்பதும் ஒரே விதிதான். இதைப் பழக லடாக் வரை போக வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு இங்கேயே தொடங்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது குறிப்பானது. குழுக்களின் பயண விதிகளில் ஹெல்மெட், ஜாக்கெட், இரவு ஓட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதோடு இதையும் எழுதுங்கள்: உள்ளூர் நிர்வாகமோ அங்கீகாரம் பெற்ற அமைப்போ அன்றைய நிலையில் வண்டிக்குத் திறந்துவிட்ட தடத்தில் தவிர, குழுவின் எந்த வண்டியும் உறைந்த நீரில் ஏறாது. புகைப்படத்துக்காக ஐந்து மீட்டர் என்பதும் இதில் அடக்கம், ஏனென்றால் கரையோரப் பனிக்கட்டிதான் பெரும்பாலும் முதலில் உடைகிறது. விதியை மீறியவரின் படத்தை குழுவின் பக்கத்தில் ஏற்றாதீர்கள். அந்த ஒரு மறுப்பு, பத்து அறிவுரையைவிட வேலை செய்யும். கனடா போகிறவர்கள் வாடகைக் கடையில் வண்டியின் சிசியைக் கேட்கும் முன், தடத்தின் இன்றைய நிறத்தைக் கேளுங்கள். மிதக்கும் உடையும், கழுத்தில் தொங்கும் பனிக்குத்தூசி ஜோடியும் தருகிறார்களா என்று கேளுங்கள். தடத்தை விட்டு விலகும் 'குறுக்கு வழி'யை வழிகாட்டியே சொன்னாலும் மறுத்துவிடுங்கள், லாக் சென்-ழானில் வழிகாட்டியும்தான் இறந்தார்.

எல்லாம் மீறி நீரில் விழுந்தவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் மனித உடல் என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது செய்ய வேண்டியது மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் தலையை மேலே வைப்பதும் மட்டுமே. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொல்பேச்சு கேட்கும். அதற்குள் வந்த திசையைப் பார்த்துத் திரும்புங்கள், உங்களை இதுவரை தாங்கிய பனிக்கட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பனிக்குத்தூசிகளைப் பனிக்கட்டியில் குத்தி, காலை நீச்சலடிப்பதுபோல் உதைத்து, வயிற்றால் சறுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். பத்து நிமிடத்தில் ஏற முடியவில்லையென்றால் இரு கைகளையும் பனிக்கட்டியின் மேல் நீட்டி அசையாமல் வையுங்கள். சட்டைக்கை உறைந்து ஒட்டிக்கொண்டால், நினைவு தப்பினாலும் தலை மூழ்காது. நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். உதவிக்கு வருபவருக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். இதை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர்